மேக்கிலிருந்து மைன்கிராஃப்ட் சர்வருக்குள் நுழைய முடியவில்லையா? அறிகுறியை வைத்துப் பிடிக்கலாம்

மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் நடத்துபவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. விண்டோஸில் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளே விளையாடிக்கொண்டிருப்பார்கள். மேக் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் வெளியே நின்று ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பிக்கொண்டிருப்பார். "மேக் கேமுக்கு லாயக்கில்லப்பா" என்று குழுவில் ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பை நம்ப வேண்டாம். எதிரே இருப்பது மேக்கா விண்டோஸா என்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது, இரண்டும் பேசுவது ஒரே மொழி. மேக் தனக்கென்று சில கதவுகளைப் போட்டு வைத்திருக்கிறது. அவற்றில் எது சாத்தியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

இது சர்வர் நிர்வாகிகளுக்காக எழுதியது. மேக் எதிரில் இல்லாமல், போனிலோ சாட்டிலோ கேட்டுக் கேட்டுச் சரிசெய்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து லாக்

மேக்கைத் தொடச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அவர் இணைய முயன்ற நொடியில் சர்வர் லாகில் (நடப்பதையெல்லாம் சர்வர் எழுதி வைக்கும் பதிவில்) ஏதாவது வரி விழுந்ததா? அவரை இப்போது முயலச் சொல்லுங்கள், நீங்கள் கன்சோலைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவருடைய பெயரோ, யூயூஐடி என்ற கணக்கு அடையாள எண்ணோ, 'லாஸ்ட் கனெக்ஷன்' என்ற வரியோ வந்தால், அவர் வாசல்வரை வந்துவிட்டார். சிக்கல் கணக்கிலோ பதிப்பிலோ அனுமதியிலோ இருக்கிறது. ஒன்றுமே விழவில்லை என்றால் பெரும்பாலும் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டார். அப்போது ஒயிட்லிஸ்டை (அனுமதித்தவர்களின் பட்டியலை) நோண்டிப் பயனில்லை.

இரண்டாவது கேள்வி, திரையில் எந்தச் சொல்லோடு நின்றது என்பது. இணையும்போது திரையில் 'கனெக்டிங்', 'லாகிங் இன்', 'என்கிரிப்டிங்', 'ஜாய்னிங் வேர்ல்ட்' என்று வரிசையாகச் சொற்கள் மாறும். 'கனெக்டிங்' நிலையில் நின்றால் சர்வர் முகவரியையே எட்டவில்லை. 'லாகிங் இன்' என்று காட்டும்போது அந்த மேக், மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தின் அமர்வு சர்வரிடம் தன் கணக்கைப் பதிவுசெய்யப் பார்க்கிறது. அதாவது உங்கள் சர்வரைத் தொட்டாயிற்று, மூன்றாவது இடம் ஒன்று பதில் சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

மேக்கின் பக்கத்து லாகும் வேண்டும். ஃபைண்டரில் 'கோ' மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால், மறைந்திருக்கும் லைப்ரரி கோப்புறை தெரியும். அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், அதற்குள் மைன்கிராஃப்ட், அதற்குள் லாக்ஸ். அங்கே 'லேட்டஸ்ட்' என்ற கோப்பை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் கோப்புறைப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும், மேக்கில் கிடையாது. விண்டோஸ் வழிகாட்டியைப் படித்துவிட்டுத் தேடுபவர்களுக்கு அது கிடைக்காது.

'அன்னோன் ஹோஸ்ட்' என்று வருகிறது

பெயரிலிருந்து முகவரி கிடைக்கவில்லை. முதலில் அவர் பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே கேளுங்கள். சாட்டிலிருந்து நகலெடுக்கும்போது முன்னால் எச்டிடிபி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது வாக்கியத்தின் முற்றுப்புள்ளி பின்னால் வந்திருக்கும்.

எழுத்து சரியாக இருந்தும் இந்தச் செய்தி வந்தால், உங்கள் சர்வரின் பெயர் 'லோக்கல்' என்று முடிகிறதா என்று பாருங்கள். வீட்டு ரூட்டரிலோ அலுவலக டிஎன்எஸ்ஸிலோ (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) அப்படி ஒரு பெயர் வைத்திருப்பீர்கள், விண்டோஸில் வேலையும் செய்திருக்கும். மேக் அந்த முடிவை, பக்கத்துக் கருவிகளைத் தேடும் தன் போன்ஜூர் வசதிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பெயரை டிஎன்எஸ்ஸிடம் கேட்காமல், பக்கத்தில் இருக்கும் கருவிகளிடம்தான் முதலில் கேட்கும். பெயரை மாற்றுவதுதான் மருந்து.

ஐகிளவுட் பிரைவேட் ரிலே போட்டிருப்பவர்களுக்கும் இது வரலாம். அது சஃபாரி உலாவலையும் டிஎன்எஸ் கேள்விகளையும் ஆப்பிள் வழியாகத் திருப்பிவிடுகிறது. விளையாட்டின் இணைப்பு அதன் வழியே போவதில்லை, ஆனால் உங்கள் உள் டிஎன்எஸ்ஸில் மட்டும் இருக்கும் பெயரைக் கண்டுபிடிக்காமல் போக வாய்ப்புண்டு. வைஃபை அமைப்பில் அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் 'லிமிட் ஐபி அட்ரஸ் டிராக்கிங்' என்பதை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் முன்பு நீங்கள் முகவரி மாற்றியிருந்தால், மேக்கை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதே போதும். பழைய பதில் நினைவிலிருந்து போய்விடும்.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு', 'டைம்டு அவுட்'

இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ரெஃப்யூஸ்டு என்றால் அந்த முகவரியில் ஒரு இயந்திரம் இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் (இயந்திரத்தின் வாசல் எண்) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சர்வர் இறங்கியிருக்கும், அல்லது வழக்கமான 25565-ஐ விட்டு வேறு போர்ட்டில் வைத்துவிட்டு முகவரியோடு அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டீர்கள். டைம்டு அவுட் என்றால் பதிலே வரவில்லை, நடுவில் யாரோ விழுங்கிவிட்டார்கள்.

சோதிக்க டெர்மினலைத் திறக்கச் சொல்லலாம். பலர் டெல்நெட் கட்டளையைச் சொல்லிக்கொடுப்பார்கள். 2017-இல் வந்த ஹை சியராவிலிருந்து அது மேக்கில் இல்லை. நெட்கேட் இருக்கிறது: என்சி கட்டளையில் வி, இசட் இரண்டையும் விருப்பங்களாகக் கொடுத்து, சர்வர் முகவரியையும் போர்ட்டையும் எழுதினால், 'சக்ஸீடட்' என்று ஒரு வரியில் சொல்லிவிடும்.

இங்கே ஒன்று. மேக்கின் ஃபயர்வாலை அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அந்த ஃபயர்வால் உள்ளே வரும் இணைப்புகளை மட்டும்தான் தடுக்கிறது. வெளியே போய் உங்கள் சர்வரைத் தட்டுவதற்கு அது குறுக்கே நிற்காது, அதனால் அணைக்கத் தேவையில்லை. வெளியே போவதைத் தடுப்பவை லிட்டில் ஸ்னிச், லூலூ போன்ற தனி ஆப்கள், அப்புறம் இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன். இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். 'இல்லை' என்ற பதிலை உடனே நம்பிவிடாமல், மேலே மெனு பட்டையில் இருக்கும் குறிகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலேயே சர்வர் ஓடுகிறது, வெளியூரில் யாருக்குமே கிடைக்கவில்லை என்றால் மேக் மேல் பழி போடாதீர்கள். ரூட்டரில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) செய்தாலும் அது திறக்காது. இதைத் தாண்ட நண்பர்கள் ரேட்மின் விபிஎன் போடுவார்கள். அது விண்டோஸுக்கு மட்டும் வருவது, மேக் நண்பர் அங்கேயே கழன்றுவிடுவார். டெயில்ஸ்கேல், ஜீரோடியர் இரண்டுக்கும் மேக் வடிவம் உண்டு. ஆரம்பத்திலேயே அவற்றில் ஒன்றை எடுத்தால் பிறகு ஒருவருக்காக எல்லோரும் மாற வேண்டியிருக்காது.

'நோ ரூட் டு ஹோஸ்ட்': ஒரே வீட்டில், ஒரே வைஃபையில்

மேக்குக்கே உரிய சிக்கல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். சர்வர் அடுத்த அறையில் இருக்கிறது. முகவரி 192.168-இல் தொடங்குகிறது. அதே வைஃபையில் இருக்கும் விண்டோஸ் மடிக்கணினி உள்ளே போகிறது. மேக் மட்டும் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்கிறது. உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அண்ணா, நீங்க சொன்ன கட்டளைய டெர்மினல்ல போட்டேன். சக்ஸீடட்னு வருது."

"அப்போ கேம்ல வரணுமே."

"கேம்ல வரலண்ணா. ரூட் இல்லைங்குது. ரூட்டர ரீஸ்டார்ட் பண்ணவா?"

ரூட்டரை விட்டுவிடுங்கள். டெர்மினலில் போகிறது, விளையாட்டில் போகவில்லை என்ற இந்த முரண்பாடுதான் நோயின் பெயரையே சொல்கிறது. 2024-இல் வந்த மேக்ஓஎஸ் 15 செகோயாவிலிருந்து, உள் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தொட ஒவ்வொரு ஆப்பும் அனுமதி வாங்க வேண்டும். முதல் முறை ஒரு பெட்டி வந்து கேட்கும். விளையாடும் அவசரத்தில் இருப்பவர் 'டோன்ட் அலோ' அழுத்திவிட்டு மறந்துபோவார். அதற்கப்புறம் கேட்காது, சத்தமில்லாமல் தடுத்துக்கொண்டே இருக்கும். டெர்மினலில் ஓடும் கட்டளைகளுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் சோதனை மட்டும் வெற்றி பெறுகிறது.

சரிசெய்ய, சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதில் லோக்கல் நெட்வொர்க். பட்டியலில் மைன்கிராஃப்ட் என்ற பெயரைத் தேடுவார், கிடைக்காமலும் போகலாம். எந்த லாஞ்சர் (விளையாட்டைத் தொடங்கிவைக்கும் ஆப்) விளையாட்டைத் திறந்ததோ அதன் பெயரிலோ, வெறும் 'ஜாவா' என்றோ இருக்கும். அதை இயக்கிவிட்டு, விளையாட்டை மட்டும் மூடித் திறந்தால் போதாது, லாஞ்சரையும் முழுதாக மூட வேண்டும். ஜன்னலின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மேக்கில் பல ஆப்கள் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கமாண்டும் க்யூவும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். சுவிட்ச் ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், அணைத்து, மீண்டும் இயக்கி, மேக்கை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் சரியாகும்.

'ஓப்பன் டு லேன்' செய்த, அதாவது ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்குத் திறந்துவிட்ட உலகம் மேக்கின் பட்டியலில் தெரியவில்லை என்பதும் இதே நோய்தான். அந்த உலகம் தன் இருப்பை 224.0.2.60 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (பல கருவிகள் ஒரே நேரத்தில் கேட்கும் முகவரி) அறிவித்துக்கொண்டிருக்கும். அனுமதி இல்லாத ஆப்புக்கு அந்த அறிவிப்பு எட்டாது. அனுமதி கொடுத்தும் தெரியவில்லையா? விடுதி, கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் பிரித்து வைத்திருப்பார்கள். அங்கே மேக்கில் செய்ய ஒன்றுமில்லை, நிர்வாகியைத்தான் கேட்க வேண்டும்.

சர்வர் வெளியூரில் வாடகை இயந்திரத்தில் இருந்தால் இந்தப் பகுதி முழுவதும் பொருந்தாது. இந்த அனுமதி உள் நெட்வொர்க்குக்கு மட்டும்.

'மல்டிபிளேயர்' பொத்தானே மங்கிக் கிடக்கிறது

பிள்ளைகள் கணக்கு. பொத்தான் மேல் சுட்டியை வைத்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் அமைப்பைப் பார்க்கச் சொல்லும் வரி தெரியும். பெற்றோர் தங்கள் கணக்கில் நுழைந்து, பிள்ளையின் எக்ஸ்பாக்ஸ் தனியுரிமைப் பகுதியில் பலர் சேர்ந்து விளையாட அனுமதி தர வேண்டும். மேக்கிலோ உங்கள் சர்வரிலோ இதற்கு மாற்று வழி கிடையாது. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.

'அவுட்டேட்டட் கிளையன்ட்', 'அவுட்டேட்டட் சர்வர்'

இது மேக் சிக்கலே இல்லை, ஆனாலும் அடிக்கடி வரும். லாஞ்சர் வழக்கமாகக் கடைசிப் பதிப்பைத்தான் திறக்கும். புதுப் பதிப்பு வெளியான மறுநாள் எல்லோருடைய கணினியும் முன்னால் போய்விடும், பிளக்இன்கள் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) புதுப்பிக்கப்படக் காத்திருக்கும் உங்கள் சர்வர் பின்னால் நிற்கும். லாஞ்சரில் 'இன்ஸ்டாலேஷன்ஸ்' பகுதியில் சர்வரின் பதிப்பைத் தேர்ந்து புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லுங்கள்.

'இன்வேலிட் செஷன்', 'ஃபெயில்டு டு வெரிஃபை யூசர்நேம்'

'லாகிங் இன்', 'என்கிரிப்டிங்' என்ற இடங்களில் தடுக்கி விழுவது இவைதான். ஆன்லைன் மோடு, அதாவது கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் அமைப்பு, இயங்கும் சர்வரில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். மேக் மோஜாங்கிடம் 'நான் இந்தச் சர்வருக்குப் போகிறேன்' என்று சொல்லும். பிறகு உங்கள் சர்வர் அதே மோஜாங்கிடம் 'இவர் சொன்னது உண்மையா' என்று கேட்கும். இரண்டில் எந்தக் கால் உடைந்தாலும் உள்ளே வர முடியாது.

இன்வேலிட் செஷன் என்றால் லாஞ்சர் வைத்திருக்கும் அனுமதிச்சீட்டு பழசாகிவிட்டது. அதே கணக்கை வேறு கணினியில் திறந்திருந்தாலும், விளையாட்டை நாள்கணக்கில் மூடாமல் மேக்கைத் தூங்க வைத்து எழுப்பிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். மேக் வைத்திருப்பவர்கள் ஷட் டவுன் என்பதையே மறந்தவர்கள், மூடியை மூடுவதோடு சரி. விளையாட்டையும் லாஞ்சரையும் முழுதாக மூடித் திறந்தால் பெரும்பாலும் போதும். போதவில்லை என்றால் லாஞ்சரில் கணக்கை விட்டு வெளியேறி மறுபடி நுழையச் சொல்லுங்கள்.

அங்கீகார சர்வரை எட்ட முடியவில்லை என்ற செய்தி மேக்கில் மட்டும் வருகிறது, மற்றவர்கள் உள்ளே போகிறார்கள் என்றால், அந்த மேக்கிலிருந்து மோஜாங் போகும் வழியில் தடை. விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ், பள்ளி ஃபில்டர், விபிஎன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இணைத்துப் பார்ப்பதே விரைவான சோதனை. எல்லோருக்கும் வருகிறது என்றால் உங்கள் சர்வரிலிருந்து மோஜாங் போகும் வழியைப் பாருங்கள்.

மேக்கில் விபிஎன் வைத்திருப்பவருக்கு மட்டும் சரிபார்ப்புத் தோல்வி வந்தால், சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் ப்ராக்ஸி இணைப்புகளைத் தடுக்கும் வரி இயங்குகிறதா என்று பாருங்கள். தானாக அது இயங்காது, யாரோ இயக்கியிருப்பார்கள்.

ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வருபவர் பழைய மோஜாங் கணக்கோடு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாறும் காலக்கெடு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாமென்று ஆன்லைன் மோடை அணைத்துவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஒருவருக்காக அதைச் செய்தால், உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் நுழைந்து ஆபரேட்டர் (நிர்வாகி) அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். செய்யாதீர்கள்.

'எக்ஸ்பயர்டு ப்ரொஃபைல் பப்ளிக் கீ'

மேக்கின் கடிகாரம் தவறு. விளையாட்டின் 1.19 பதிப்பிலிருந்து சாட் செய்திகளுக்குக் கையொப்பம் வந்தது, அந்தச் சாவிக்குக் காலாவதி நேரம் உண்டு. கடிகாரம் தவறினால் அந்தக் காலாவதிக் கணக்கும் தவறிவிடும். ஜெனரல், டேட் அண்டு டைம், தானாக அமைக்கும் சுவிட்ச். அவ்வளவுதான். வேறொரு விளையாட்டில் காத்திருப்பு நேரத்தை ஏமாற்றத் தேதியை மாற்றிவிட்டு மறந்த பிள்ளைகளிடம் இதை மெதுவாகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

'டுக் டூ லாங் டு லாகின்'

சர்வர் 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. மோட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) நிறைந்த சர்வரில், 8 ஜிபி நினைவகம் உள்ள மேக்கில் இது வாடிக்கை. உலாவியை மூடச் சொல்லுங்கள். மோட்களின் தொகுப்பான மோட்பேக் கேட்கும் நினைவகத்தை லாஞ்சரில் ஒதுக்குங்கள், ஆனால் 8 ஜிபி மேக்கில் 6 ஜிபியை விளையாட்டுக்கே தாரைவார்த்தால் மேக் மூச்சுத்திணறி இன்னும் மெதுவாகும்.

விளையாட்டே திறக்கவில்லை, அதையும் 'லாகின் ஆகல' என்கிறார்

நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அவர் அனுப்பிய லாகில் 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65' என்று இருந்தால் ஜாவா 21 வேண்டும், 61 என்றால் ஜாவா 17. விளையாட்டின் 1.18 முதல் 1.20.4 வரை 17, 1.20.5 முதல் 1.21 வரிசை முழுவதும் 21. அதிகாரப்பூர்வ லாஞ்சர் தன் ஜாவாவைத் தானே கொண்டுவரும், பிற லாஞ்சர்களில்தான் இந்தப் பிழை வரும். உடனே ஜாவா தளத்துக்குப் போய் ஜாவா 8-ஐ நிறுவிவிட்டு 'லேட்டஸ்ட் போட்டேன்' என்பார். அது உதவாது.

லாகில் எக்ஸ்86, ஆர்ம்64 இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கட்டமைப்பு பொருந்தவில்லை என்று வந்தால், ஆப்பிளின் எம்1 அல்லது அதற்குப் பிந்தைய ஆர்ம் வகைச் சிப் உள்ள மேக்கில் பழைய மோட்பேக்கை ஓட்டுகிறார். 1.12 போன்ற பழைய பதிப்புகளின் நூலகங்கள் இன்டெல்லுக்காகச் செய்தவை. இன்டெல் நிரல்களைப் புதிய மேக்கில் ஓடவைக்கும் ஆப்பிளின் ரொசெட்டாவை நிறுவி, இன்டெல் வகை ஜாவா 8-ஐ லாஞ்சரில் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆர்ம் வகை ஜாவா 8 கிடைக்கிறதே என்று போட்டால் இதே பிழைதான் வரும். மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு ரொசெட்டாவை ஒரு சிறு பகுதி தவிர நிறுத்தப்போவதாக ஆப்பிள் 2025-இல் அறிவித்திருக்கிறது. பழைய மோட்பேக் சர்வரை நீண்ட நாள் நடத்தும் எண்ணமிருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

லாஞ்சரே திறக்காமல் ஆப்பிள் சரிபார்க்க முடியவில்லை என்று பெட்டி வந்தால், முன்பு கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறப்போம். செகோயாவில் அந்த வழி போய்விட்டது. பிரைவசி அண்டு செக்யூரிட்டி பக்கத்தின் கீழே போய் 'ஓப்பன் எனிவே' அழுத்த வேண்டும். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்துவிட்டார், கடவுச்சொல் கேட்டு வெளியே தள்ளுகிறது

ஆத்மீ போன்ற பிளக்இன் வைத்து, உள்ளே வந்தபின் சாட்டில் கடவுச்சொல் கேட்கும் சர்வர்களில் மட்டும் இது வரும். சரியான கடவுச்சொல்லைத்தான் அடிக்கிறேன் என்று சத்தியம் செய்வார். அவர் அடித்ததைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால், சாய்கோட்டுக்குப் பின்னால் தமிழ் எழுத்துகள் நிற்கும். மேக்கில் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் உள்ளேயே வருகின்றன. இரண்டு மொழி வைத்திருப்பவர்களுக்கு கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும் குறுக்குவழி இயங்கும். மைன்கிராஃப்ட்டில் ஓடுவதற்குக் கன்ட்ரோல், குதிப்பதற்கு ஸ்பேஸ். ஓடிக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் விசைப்பலகை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவிக்கொண்டிருக்கும். போன முறை விளையாடி முடித்தபோது எதில் நின்றதோ, இன்றைக்குக் கடவுச்சொல் அதில்தான் விழும்.

கீபோர்டு அமைப்பில் ஷார்ட்கட்ஸ், அதில் இன்புட் சோர்சஸ். கன்ட்ரோல்-ஸ்பேஸ் உள்ள வரியின் குறியை எடுத்துவிடச் சொல்லுங்கள், அல்லது விளையாட்டில் ஓடும் விசையை மாற்றச் சொல்லுங்கள். தமிழுக்கு மாற மேல் பட்டையில் சொடுக்கினாலே போதும். இதற்குள் பல தடவை தவறாக அடித்ததால் பிளக்இன் அவருடைய ஐபியைப் பூட்டியிருக்கலாம், அதையும் கன்சோலில் எடுத்துவிடுங்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் ஒரு ஐபிக்கு எத்தனை பதிவு என்ற எண்ணையும் கூட்டி வையுங்கள்.